மூன்றாம் எதிர்மனுதாரர்

இரண்டு கதிரைகள் காலியாக இருந்தும் வந்த இருவரும் உட்காரவில்லை.

"அம்மா, கந்தோருக்கு எதிரா வழக்குப் பேசுற அப்புக்காத்து ஐயா எப்ப வருவார்?" என்று தொப்பி போட்டவர் கேட்டார்.

"வந்தாச்சு. நான்தான். இருங்கோ," என்றேன்.

அரசாங்க அலுவலகங்களோடு மல்லுக்கட்டுவதுதான் வவுனியாவில் சட்டத்தரணியான என் தொழில். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் விமலேஸ்வரி என்ற பெயரை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. 'கந்தோர் அப்புக்காத்து' என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். வருகிறவர்கள் அறைக்குள் ஒரு மீசையைத் தேடுவார்கள்.

தொப்பி போட்டவர்தான் வழக்குக்காரர். பெயர் கச்சு முகம்மது. முள்ளியவளைக்குக் கிட்ட, குளத்துக்குக் கீழே வயல். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது குடும்பத்தோடு புத்தளம் போனவர். இப்போது சமாதானம் என்று பாதை திறந்து, ஊருக்குத் திரும்பினால் வயல் அவருடையது இல்லை. 'தொடர்ந்து பயிர் செய்யவில்லை' என்று காணிக் கந்தோர் அரசாங்கக் காணிக்கான அவருடைய பெர்மிட்டை வெட்டி, வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

துரத்தப்பட்டவன் எப்படி விதைப்பான்? அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் வழக்கை எடுத்துவிடுவேன். என் பலவீனம் அது.

அந்த வயல் கிடைத்தால்தான் மகள் றிஸ்பாவையும் பேரப்பிள்ளைகளையும் புத்தளம் முகாமிலிருந்து கூட்டி வரலாம் என்றார் முகம்மது. கிடைக்காவிட்டால் அவரும் திரும்பிப் போய் அந்த ஓலைக் கொட்டிலுக்குள் சுருண்டுகொள்ள வேண்டியதுதான்.

கூட வந்தவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். மடியில் குடை. இப்படிக் கூட வருகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. வழக்குக்காரரைவிடக் கூடக் கதைப்பார்கள், பாதிப்பேர் தரகர்கள்.

இவரும் கதைத்தார்.

"மேற்கால வரம்பு எந்த மழைக்கும் அசையாது, மிஸ்," என்று முகம்மது பெருமையாகச் சொல்ல, "இப்ப உடையுது, காக்கா. போன மாரிக்கும் உடைஞ்சது," என்று இவர் அண்ணன் முறை வைத்துத் திருத்தினார்.

அயல் வயல்காரராக்கும் என்று நினைத்தேன். நல்ல சாட்சி. தரகர் என்று எண்ணியதற்கு மனதுக்குள் வெட்கப்பட்டேன்.

மனுவில் எதிர்மனுதாரர்களை எழுதத் தொடங்கினேன். முதலாவது, பெர்மிட்டை வெட்டிய அதிகாரி. இரண்டாவது, அவருக்கு மேலே இருப்பவர்.

"இப்ப அந்தக் காணி ஆற்றை பேரிலை?"



"அவரை விடுங்கோ, மிஸ். கந்தோர்காரரை மட்டும் போடுங்கோ," என்றார் முகம்மது அவசரமாக.

எல்லோரும் பிழை விடும் இடம் இதுதான். சண்டை அரசாங்கத்தோடு மட்டும் என்று நினைப்பார்கள். தீர்ப்பால் காணியை இழக்கப்போகிறவரைச் சேர்க்காவிட்டால், நீதிபதி முதல் தவணையிலேயே மனுவைத் தூக்கி எறிந்துவிடுவார்.

"உங்களைக் கேக்காமல் காணியை எடுத்திட்டாங்கள் எண்டுதானே வழக்கு? அப்ப அந்தாளைக் கேக்காமல் எடுக்கலாமோ?"

முகம்மதுவின் முகம் வாடிப்போனது. தொப்பியைக் கழற்றினார், திரும்பவும் போட்டார். பிறகு எழுந்துவிட்டார்.

"அப்ப எனக்கு இந்த வழக்கு வேண்டாம்."

மகளையும் பேரப்பிள்ளைகளையும் பற்றி இவ்வளவு நேரம் சொன்ன மனிதர்தான் இதைச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கூட வந்தவர் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தினார்.

"எழுதுங்கோ, பிள்ளை. கணபதி வீரகத்தி."

"சாட்சிகளின்ரை பேர் பிறகு எழுதுவன், ஐயா. நான் கேக்கிறது காணி வைச்சிருக்கிறவற்றை பேர்."

"அதைத்தான் சொல்லுறன். அங்க விதைக்கிறது நான்தான்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. எதிராளியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வழக்குக் கொடுக்க வந்தவரை நான் கண்டதில்லை. தனக்கு எதிரான வழக்குக்கு வழித்துணையாக வந்த எதிராளியைக் கேள்விப்பட்டதும் இல்லை.

"யாழ்ப்பாணத்திலையிருந்து வெறுங்கையோடை இடம்பெயர்ந்து வந்த நாங்கள், இவ்வளவு காலமும் இவற்றை வயலிலைதான் சாப்பிட்டனாங்கள்," என்றார் வீரகத்தி. "திருப்பிக் குடுங்கோ எண்டு கந்தோரிலை நானே போய்க் கேட்டனான். ஏலாதாம். கோட்டுத் தீர்ப்புச் சொன்னாத்தானாம்."

முகம்மது என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு அப்புக்காத்தைப் பிடிச்சா ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுவீங்கள் எண்டுதான் வந்தனாங்கள், மிஸ்."

 நான் பேனையை வைத்துவிட்டுச் சட்டம் பேசினேன். வழக்கென்று வந்தால் நீங்கள் இருவரும் எதிரும் புதிரும்தான் என்றேன். வீரகத்தியர் தனக்கென்று வேறொரு சட்டத்தரணியைப் பிடிக்க வேண்டும் என்றேன். முகம்மது இனி என்னிடம் சொல்லப்போவதை அவர் கேட்கக் கூடாது, வெளியே இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அதுக்கென்ன," என்று வீரகத்தி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கதவுவரை போனவர் திரும்பினார்.

"காக்கா, அந்த வயல் கிணறு நான் என்ரை காசிலை வெட்டினதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. உங்கடை வழக்குப் பழுதாப் போயிடும்."

கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

அவருக்காக நான் பேசியிருந்தால், அந்தக் கிணற்றிலிருந்துதான் தொடங்கியிருப்பேன்.