குழுவில் இல்லாதவர்

கைபேசியைத் திறந்ததும் அந்த ஒற்றை வரிதான் கண்ணில் பட்டது. காவலர் சங்கத்தின் செய்திக் குழுவிலிருந்து அவளை நீக்கியிருந்தார்கள்.

அந்தக் குழுவை நடத்துவதே அவள்தான்.

சங்க அலுவலகத்தில் அவளுக்குத் தட்டச்சு வேலை. இடமாற்றம், பதவி உயர்வு, சங்கக் கூட்டம் எல்லாம் அவள் கைவழியாகத்தான் குழுவுக்குப் போகும். வண்டிச் சோதனைக்குத் தனியாகப் போகாதீர்கள், புழுக்கத்தைச் சாக்குச் சொல்லிக் குண்டு துளைக்காத கவசத்தைக் கழற்றி வைக்காதீர்கள் என்று நாள் தவறாமல் புத்தியும் சொல்வாள். காவலர்கள் படிக்கிறார்களோ இல்லையோ, வீட்டுப் பெண்கள் ஓர் எழுத்து விடாமல் படிப்பார்கள்.

காய்ச்சல் என்று விடுப்பில் படுத்ததிலிருந்து சங்கச் செயலாளரே குழுவைப் பார்த்துக்கொண்டார்.

"என்னடி போட்டிருக்காங்க இன்னைக்கு? படி, கேக்கலாம்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, அவளுக்காகப் பாலை ஆற்றிக்கொண்டே.

அக்காவின் கைபேசி துணி ஊறவைத்த வாளியில் விழுந்து உயிரைவிட்டுப் பல மாதமாகிறது. புதிது வாங்கவில்லை. அவள்தான் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து செய்தி படித்துக் காட்டுகிறாளே, பிறகு எதற்கு என்பது அக்காவின் கணக்கு. குழுவில் சேர்க்க அக்காவின் எண்ணைக் கேட்ட செயலாளரிடமும், "அந்த அக்காவுக்கு நான்தான் சார் போன்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

இப்போது படிக்க வாய் வரவில்லை.

குழுவிலிருந்து நீக்குவதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் செயலாளருக்கும் மட்டுமே தெரியும். ஒருமுறை ஒரு காவலரின் மனைவி, ஓடும் பேருந்தில் நின்றபடியே, தன் புருஷன் போய்விட்ட செய்தியைக் குழுவில் படித்துவிட்டாள். அதன்பிறகு இவள் கொண்டுவந்த ஏற்பாடு இது. யாருக்காவது ஏதாவது நேர்ந்தால், அந்த வீட்டுக்குச் செய்தி போய்விடக்கூடிய எண்களை எல்லாம் முதலில் சத்தமில்லாமல் நீக்க வேண்டும். அப்புறம்தான் குழுவில் போட வேண்டும். இரண்டு பேர் நேரில் போய் வீட்டில் சொல்ல வேண்டும்.

அவளே தன் விரலால் நீக்கியிருக்கிறாள்.

கணவனை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. செயலாளர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

நாற்காலி முதுகில் கணவனின் கவசம் தொங்கியது. தோள்பட்டை வார் அறுந்து கிடந்தது. தைத்துத் தருகிறேன் என்று சொல்லித்தான் வாங்கி வைத்தாள். காய்ச்சலில் அப்படியே விட்டுவிட்டாள். காலையில் அவன் அது இல்லாமலேயே நெடுஞ்சாலைச் சோதனைக்குக் கிளம்பிப் போனான்.

ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள்.

அக்கா விடவில்லை. துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அடி பைத்தியமே, அந்த ஆளு கை தவறி அமுக்கியிருப்பாரு. தம்பி கூட எங்க வீட்டு மனுஷனும்தானே போயிருக்காரு? அவரைத் தாண்டி தம்பி மேல ஒரு தூசு பட்டுருமா?"

அக்காவின் கணவர் தலைமைக் காவலர், மலை மாதிரி ஆள். அவருடைய கவசத்தில் தையல் விட்டபோது, கறுப்பு நூல் கிடைக்காமல் பச்சை நூலில் தைத்துக் கொடுத்தாள் அக்கா. அந்தப் பச்சைத் தையலைச் சொல்லிச் சொல்லிக் குடியிருப்பே சிரித்தது. அவரும் கூச்சப்படாமல் மாட்டிக்கொண்டு திரிந்தார்.

வெளியே ஜீப் வந்து நின்றது. கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று.

இரண்டு பேர்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பார்க்காமல் இருந்துவிட்டால் நடக்காமல் போய்விடும் என்பதுபோலத் தலையைக் குனிந்தே கதவைத் திறந்தாள்.

முதலில் செயலாளரின் செருப்பு தெரிந்தது. அதன் பக்கத்தில் தெரிந்த பூட்ஸ், காலையில் அவள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பிப்போன பூட்ஸ்.

நிமிர்ந்தாள். அவன்தான். முழுசாக, தன் காலில் நின்றுகொண்டிருந்தான். போன உயிர் திரும்பி வந்தது. வெட்கத்தை விட்டு, செயலாளர் பார்க்க, அவன் மார்பில் போய் விழுந்தாள்.

அவன் அவளைத் தொடவில்லை. தொப்பி கையில் இருந்தது. கண்கள் அவள் தோளைத் தாண்டி வீட்டுக்குள் யாரையோ பார்த்து, உடனே தாழ்ந்தன.

அப்போதுதான் அவள் கன்னத்தில் அது உறுத்தியது. அவன் கவசம் போட்டிருந்தான். அவன் உடம்புக்குத் தொளதொளவென்று, இன்னொரு ஆள் நுழையலாம் போலப் பெரிதாக இருந்தது. தோள்பட்டையில் பச்சை நூல் தையல்.

அவளை ஏன் நீக்கினார்கள் என்று விளங்கியது. அக்காவுக்கு அவள்தானே போன்.

"நான்தான் சொன்னேனே, ஒண்ணும் ஆயிருக்காதுன்னு" என்று சிரித்துக்கொண்டே பின்னால் வந்தாள் அக்கா. "உள்ள வாங்க தம்பி. எங்க வீட்டு மனுஷன் எங்க, ஜீப்லயே உக்காந்துட்டாரா?"

அவள் திரும்பவில்லை. கையை உயர்த்தி, அந்தப் பச்சைத் தையலைப் பொத்திக்கொண்டாள்.