சொல்லாத ஜெபக்குறிப்பு

"இந்தத் தெருவை விட்டு ஆண்டவர் எங்களைக் கிளப்பணும் சார். இந்த வாரமும் என் ஜெபக்குறிப்பு அதுதான்" என்றாள் பிளஸ்ஸி.

செம்பாக்கத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டம் அது. ஆளுக்கொரு குறையைச் சொல்வார்கள், எல்லாரும் சேர்ந்து அதற்காக ஜெபிப்பார்கள். சிலருக்கு முட்டிவலி, சிலருக்குப் பையனுடைய அரியர்ஸ். பிளஸ்ஸிக்குத் தெரு.

கூட்டத்தை நடத்தும் தனசிங் ரிட்டயர்ட் வாத்தியார். "தெருவுல அப்படி என்னம்மா குறை?" என்று கேட்டுவைத்தார். கேட்டிருக்க வேண்டாம்.

"ஒண்ணா ரெண்டா சார்? வலது பக்கம் ஷாகுல் பாய். அவர் கேட்டை மறைச்சு எங்க கார் நிக்குதாம். காரைத் தலையிலயா தூக்கி வெச்சுக்க முடியும்? எதிர் வீட்டு ராஜாராமன் சார், எங்க டேங்க் நிரம்பி வழிஞ்சு அவர் வாசல்ல தேங்குதுன்னு சண்டைக்கு வர்றார். தண்ணிதானே, ஆசிட்டா?"

அவள் கணவன் ஃபிரெடி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலும் பெரும்பாலும் அதைத்தான் பார்ப்பான்.

"எங்க பையன் சர்ச்ல வாசிக்கத்தான் வீட்ல ட்ரம்ஸ் ப்ராக்டிஸ் பண்றான். அதுக்கும் தெருவே முகத்தைச் சுளிக்குது. அனுசரிச்சுப் போறதுன்னா என்னன்னே தெரியாத ஜனங்க சார்."

பிறகு குரல் இளகியது. "இந்தத் தெருவுல மனுஷின்னா பக்கத்து வீட்டு ஞானஜோதி அக்கா ஒருத்தங்கதான். எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரே சுவரு. இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல."

சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த ஞானஜோதி லேசாகச் சிரித்தார். கணவர் இல்லை. ஒரே மகள் பியூலா குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு எப்போதும் ராத்திரி டியூட்டிதான்.

"உங்க ஜெபக்குறிப்பு, சிஸ்டர்?" என்றார் தனசிங்.

"எப்பவும் உள்ளதுதான் சார். வெளியில சொல்ல முடியாது. ஆண்டவருக்குத் தெரியும்."

ஜெபக்குறிப்பை இப்படிச் சொல்லாமலும் வைக்கலாம். யாரும் துருவ மாட்டார்கள். பிளஸ்ஸி துருவாமலே கண்டுபிடித்துவிட்டாள்.

"எல்லாம் பியூலா கல்யாண விஷயந்தான்" என்று வீடு திரும்பும்போது ஃபிரெடியிடம் சொன்னாள். "பாவம் அக்கா. பொண்ணு பட்டப்பகல்ல படுத்துத் தூங்கினா எவன் வந்து கட்டுவான்?"

ஆனாலும் நல்ல மனசு. ஒவ்வொரு வாரமும் ஞானஜோதிக்காகச் சத்தமாகவே ஜெபித்தாள். "அக்கா மனசுல இருக்கிறதை அப்படியே நிறைவேத்துங்க ஆண்டவரே. தாமதிக்காதீங்க."

ஞானஜோதியின் 'ஆமென்' அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பலமாக வரும்.

நடுவில் ஒரு வீடு அமையப் பார்த்தது. பின் தெருவில், ஞானஜோதி வீட்டுப் பின்பக்கக் காம்பவுண்டை ஒட்டியே. பிளஸ்ஸி உடனே ஓடிப்போய் அவர் வீட்டு பெல்லை அழுத்தினாள். இரண்டாவது தடவை அழுத்தியதும் பியூலா வந்து கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது. காதில் பஞ்சு.

"காதுவலியாம்மா? ஆஸ்பத்திரியிலதானே வேலை பார்க்கிறே, காட்டக் கூடாதா?" என்றபடி உள்ளே போனாள் பிளஸ்ஸி. "அக்கா, பின் தெருவுல வீடு கிடைக்கிற மாதிரி இருக்கு. தெருவும் மாறினாப்ல ஆச்சு, உங்களை விட்டுப் பிரிய வேண்டியதும் இல்ல."

ஞானஜோதி அன்றைக்கே உபவாசம் ஆரம்பித்துவிட்டார். காபிகூட வேண்டாம் என்றார்.

"எங்களுக்காகவா அக்கா?" என்று உருகினாள் பிளஸ்ஸி.

"உங்களுக்காகத்தாம்மா."

அந்த வாரமே வீட்டுக்காரர் மனம் மாறி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். பிளஸ்ஸி வந்து அழுதாள். "ஆண்டவர் எதைச் செஞ்சாலும் நல்லதுக்குத்தான்" என்று ஞானஜோதி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். அன்று உபவாசத்தை முடித்துக்கொண்டு வழக்கத்தைவிட இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் பிளஸ்ஸி குடும்பத்துக்குக் கதவு திறந்தது. வண்டலூர் தாண்டி, புது அபார்ட்மென்ட்டில் நாலாவது மாடி. மூணாவது மாடிக்காரர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை பிளஸ்ஸி எழுந்து சாட்சி சொன்னாள். "இந்த ஜனங்க நடுவுலேர்ந்து ஆண்டவர் எங்களைப் பத்திரமா வெளியே கொண்டுவந்துட்டார். ஜெபத்துக்குப் பலன் உண்டு."

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். தனசிங்குக்குச் சந்தோஷம். "வேற யாராவது சாட்சி சொல்லணுமா?"

ஞானஜோதி எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு வருஷமா நான் வெளியில சொல்லாம வெச்சிருந்த ஜெபக்குறிப்புக்கு ஆண்டவர் பதில் கொடுத்துட்டார். கூட ஜெபிச்ச எல்லாருக்கும் நன்றி. முக்கியமா பிளஸ்ஸிக்கு."

பிளஸ்ஸி எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும் அக்கா. பியூலாவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சுதானே?"

"அது இன்னும் இல்லம்மா. அவ முதல்ல நல்லாத் தூங்கட்டும்" என்றார் ஞானஜோதி, பிளஸ்ஸியின் கையை அன்பாகத் தட்டிக்கொடுத்தபடி. "நீ உனக்கு ஒரு வீடு வேணும்னு கேட்டே. நானும் உனக்கு ஒரு வீடு வேணும்னுதான் கேட்டேன். கொஞ்சம் தூரமா."