கையைப் பற்றி ஒரு கேள்வி

புற்றுநோய் மருத்துவரின் அறையில் தையல்காரம்மா மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வெயில் கம்ப்யூட்டர் திரையில் பட்டுக் கூசுகிறது; டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார். "அடுத்த வாரம் அம்மாவுக்கு மார்புல ஆபரேஷன். வலது அக்குள்ல இருக்கிற கட்டியையும் சேர்த்து எடுத்துடுவோம்," என்று மகனிடம் சொல்கிறார். அவள் மடியில் கசங்கிய சீட்டில் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. மூன்று தடவை வந்தும் அதைக் கேட்க இடம் கிடைக்கவில்லை. "டாக்டர், அதுக்கப்புறம் வலது கையைத் தூக்க முடியுமா? எனக்குத் துணி வெட்டணும்." டாக்டரின் விரல்கள் கீபோர்டில் தட்டிக்கொண்டே இருக்கின்றன. "பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க, தம்பி." மகன் அவள் பக்கம் திரும்பி, "பயப்படாதம்மா," என்கிறான். "நான் பயப்படல. கையைப் பத்திக் கேட்டேன்." தட்டும் சத்தம் நிற்கிறது. டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். பிறகு மகனிடம், "அம்மா வீட்டுலயும் இப்படித்தானா?" என்று கேட்கிறார்.