பச்சை நூல்

பவதாரிணியைப் பற்றி ரோகிணி எழுதிய மொட்டைக் கடுதாசி ஒன்றரைப் பக்கம் வந்தது. கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதே என்று இடது கையால் எழுதினாள். மாநில சைக்கிள் ரேஸுக்குக்கூட அவள் அம்புட்டு மெனக்கெட்டதில்லை.

‘ஐயா, மேலூர் ரோட்டில் தினமும் விடியற்காலையில் பவதாரிணி என்ற பெண் அரைக்கால் சட்டையோடு சைக்கிளில் பறக்கிறாள். லாரி டிரைவர்கள் ரோட்டைப் பார்ப்பதா, இவளைப் பார்ப்பதா? அந்தக் கால்சட்டையும் கிழிசல். கறுப்புத் துணியில் பச்சை நூல் போட்டுத் தைத்திருக்கிறாள். ஊர் மானம் போகிறது. இப்படிக்கு, ஊர் நலன் விரும்பி.’

பத்திரிகை ஆபீஸ் விலாசம் எழுதி, தல்லாகுளத்தில் தபால் பெட்டி தேடிப் போட்டுவிட்டு வந்துதான் காப்பி குடித்தாள்.

கோபம் இதுதான். மாநில ரேஸில் அறுபது கிலோமீட்டரும் பவதாரிணியின் பின் சக்கரத்தை ஒட்டியே வந்தாள் ரோகிணி. முன்னால் போகிறவள் எதிர்காற்றை வாங்கிக்கொண்டால், பின்னால் வருகிறவளுக்கு மிதி லேசாகும். கடைசி நூறு மீட்டரில் வெட்டி முன்னால் போய்விடலாம் என்று நினைத்திருந்தாள். முடியவில்லை. அரைச் சக்கர நீளத்தில் அவளுக்குத் தங்கம், இவளுக்கு வெள்ளி. அறுபது கிலோமீட்டரும் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தது அந்தப் பச்சை நூல்தான்.

அந்தத் தங்கத்தையும் யாரும் சீந்தவில்லை. பரிசு கொடுக்கும்போது இருந்த கூட்டம்: நடுவர், நடுவரின் மனைவி, ஒரு நாய். கடைசிவரை நின்று பார்த்தது நாய் மட்டும்தான். மறுநாள் பேப்பரில் வார்டு கிரிக்கெட்டுக்கு அரைப் பக்கம். பெண்கள் சைக்கிள் ரேஸுக்கு ஒரு வரி இல்லை.

மெடலைக் காட்டப் பவதாரிணி நாலு தடவை பத்திரிகை ஆபீஸ் படியேறிப் போனபோது நிமிர்ந்தே பார்க்காத நிருபர் பெனடிக்ட், ‘ஊர் மானம்’ என்று கடுதாசி வந்ததும் விடியுமுன் ஒத்தக்கடையில் போய் நின்றார்.

பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் என்று ஸ்கூட்டரில் துரத்தினார். முள் ஐம்பதைத் தொட்டது. அந்தப் பிள்ளையைத் தொட முடியவில்லை. அவர் மேலூர் போய்ச் சேர்ந்தபோது அவள் டீயைக் குடித்து முடித்து, அவருக்கும் ஒன்று சொல்லி வைத்திருந்தாள். அந்த டீயும் ஆறிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முக்கால் பக்கம். கலர் படம்.

புதன்கிழமை ஓர் அரிசி ஆலைக்காரர் புது ரேஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில், இரண்டு காதணி விழா ஃபிளெக்ஸுக்கு நடுவே தனி ஃபிளெக்ஸில் நின்று பவதாரிணி சிரித்தாள்.

ரோகிணிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சைக்கிள் பிரேமில் விரிசல். வெல்டு வைத்து ஓட்டுகிறாள். அடுத்த மாசம் தேசிய ரேஸ். அதில் ஜெயித்தால் பெண்களுக்கென்று வரப்போகும் புது டீமில் சம்பளத்துக்கு எடுப்பார்கள். வெல்டு வைத்த வண்டியை அங்கே உள்ளேயே விட மாட்டார்கள்.

அம்மா முத்துத்தாயும் சும்மா இருக்கவில்லை.

“அந்தப் பிள்ள மேல எவனோ மொட்டக் கடுதாசி போட்டானாம்ல. அதுலதான் இம்புட்டும் வந்துச்சாம். நீயும் தெனம் அதே ரோட்டுலதான போற? உன் மேல ஒரு பய ஒரு குத்தம் எழுத மாட்டேங்கிறானே!”

“எழுதுன கை வெளங்காமப் போகட்டும்!” என்று கத்திய ரோகிணி, இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் தன்னைப் பற்றித் தானே ஒரு கடுதாசி எழுத உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் யோசித்தும் தன்னிடம் ஒரு குற்றமும் அகப்படவில்லை.

மறுநாள் மேலூர் ரோட்டுப் பாலத்தடியில் ரோகிணியின் எதிரே புது சைக்கிளோடு பவதாரிணி வந்து நின்றாள்.

“ஏண்டி, ரெண்டு வாரமா என் பின்னால ஆளைக் காணோம்?”

“என் வண்டி வெல்டு வச்ச வண்டி. உனக்கென்னம்மா, பஸ் ஸ்டாப்புல எல்லாம் தொங்குற.”

“எல்லாம் அந்தக் கடுதாசி செஞ்ச வேலை. பெனடிக்ட் அண்ணே காட்டுனாரு. எழுதுன மகராசி யாருன்னு தெரிஞ்சா பருத்திப்பால் வாங்கித் தருவேன்.”

ரோகிணி குனிந்து செயினைத் தடவினாள். “மகராசியா? மகராசனா இருக்கக் கூடாதா?”

“இருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பவதாரிணி மிதித்தாள்.

நாலாம் நாள் பெனடிக்ட் ரோகிணியின் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு கவர்.

“ரோகிணிங்கிறது நீதானாம்மா? உன் மேல புகார் வந்திருக்கு.”

“என் மேலயா? எவ எழுதுனா? குடுங்கண்ணே!” பிடுங்கிக்கொண்டாள்.

“புகாரா வந்திருக்கு?” முத்துத்தாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. “உள்ள வாங்க தம்பி! உக்காருங்க. காப்பி சாப்பிடுறீகளா?”

இதுவும் இடது கை எழுத்துத்தான். கோணல்மாணலாக இருந்தது.

‘ஐயா, மேலூர் ரோட்டில் ரோகிணி என்ற பெண்ணின் அட்டூழியம் தாங்க முடியவில்லை. பாலத்து ஏற்றத்தில் இவளுக்கு லாரிகளே வழிவிட்டு ஒதுங்குகின்றன. வெல்டு வைத்த சைக்கிளிலேயே இந்த ஆட்டம். நல்ல சைக்கிளை யாராவது கொடுத்துத் தொலைத்தால், தேசிய ரேஸில் உடன் ஓட்டுகிறவர்கள் கதி என்ன? உடனே கேமராவோடு வந்து விசாரிக்கவும். இப்படிக்கு, ஊர் நலன் விரும்பி.’

கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது.

‘பின்குறிப்பு: பச்சை நூலைப் பிரித்துவிட்டுக் கறுப்பு நூலில் தைத்தாகிவிட்டது. பின்னால் ஒட்டி வருகிறவளுக்கு இனி கண் உறுத்தாது.’