அரை அங்குலம்

லைன்மேன்களின் நீலச் சட்டையில் கட்டிங் மாஸ்டர் கைக்குழியை அரை அங்குலம் குறைத்தார். துணி மிச்சமென்று முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். மாதிரியைப் போட்டுப் பார்க்க வந்த லைன்மேன், அந்தத் தையற்கூடத்திலேயே தைக்கும் ஒருத்தியின் புருஷன்.

"கையைத் தூக்கினா அக்குள் இறுக்குது மாஸ்டர்," என்றான்.

"நேரா நின்னா சரியா இருக்குல்ல? அப்புறம் என்ன?"

அந்தச் சட்டையோடு கம்பம் ஏறியவனுக்குக் கால் சறுக்கியபோது, மேலே இருந்த குறுக்குச் சட்டம்வரை கை எட்டவில்லை.

காரியமெல்லாம் முடித்து, பதினேழாம் நாள் அவன் மனைவி வேலைக்குத் திரும்பினாள். மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

அன்று முதல் அவருக்கு எந்தச் சட்டையும் அக்குளில் இறுக்கியது. டேப் வைத்தால் அளவு சரி. பருத்த மச்சானின் தொளதொளச் சட்டையும் இறுக்கியது. நாளுக்கு நாள் கைகள் விலாவோடு ஒட்டிக்கொண்டே வந்தன. கடைசியில் மனைவி ஊட்டிவிட வேண்டியதாயிற்று.

ஒரு மதியம் வெற்றுடம்போடு அந்தத் தையல்காரியின் மிஷின் முன்னால் வந்து நின்றார்.

"நீதாம்மா பிரிச்சு விடணும்."

அக்குளில், தோலோடு தோலாக, நீல நூலில் இரட்டைத் தையல் ஓடியிருந்தது. அவள் அதை விரலால் நீவிப் பார்த்தாள். ஓர் இழைகூடப் பிசகவில்லை.

"நேரா நின்னா சரியாத்தானே இருக்கு மாஸ்டர்?" என்றபடி அடுத்த சட்டையை ஊசிக்கடியில் வைத்தாள்.