எறும்பு கடிச்ச மாதிரி

பள்ளிக்கூடத்துச் சாமான் அறைக்குள் பாய்ந்து தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான், அங்கே தப்பிக்க ஒரு ஜன்னல்கூட இல்லை என்பது அவருக்கு உறைத்தது. உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே பல் மருத்துவ முகாம். கதவு தடதடத்தது.

"சார், கதவத் திறங்க. கடைவாய்ப் பல்லுல சீழ் வச்சிருக்கு. இன்னிக்கே எடுத்தாகணும்." முகாமில் பல் பார்க்க வந்திருந்த பல் மருத்துவ மாணவியின் குரல்.

"ஒண்ணும் வேணாம். மாத்திரை போட்டா அடங்கிடும்."

"பிள்ளைங்க பயம் தெளியட்டும்னு நீங்களாதானே முதல் ஆளா வந்து உக்காந்தீங்க?"

"சும்மா வாயத் திறந்து காட்டத்தாம்மா உக்காந்தேன்!"

"நீங்க ஓடினதப் பாத்து வரிசையே அழுவுது சார்."

கதவிடுக்கில் ஈரம் மின்னும் சின்னச் சின்னக் கண்கள்.

"பயப்படாதீங்க சார். ஊசி எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். வலிக்கவே வலிக்காது."

"யார்கிட்ட கதை விடுற?" உள்ளேயிருந்து அலறினார், மாணவர்களை முகாமுக்கு அழைத்து வந்த பல் மருத்துவப் பேராசிரியர். "அந்தப் பொய்ய வகுப்புல உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே!"