கைக்குட்டைத் தோட்டம்

"'கைக்குட்டை அளவில் அழகிய தோட்டம்'னு விளம்பரத்துல எழுதியிருக்கான். கைக்குட்டை காயப்போடக்கூட இடமில்ல" என்றாள் பெவர்லி.

அவள் தம்பி கிளைவ், வாடகைக்குப் பார்க்க வந்த அறைக்குள் நுழைந்தான்.

"இது 'தீப்பெட்டி போன்ற கச்சிதமான அறை'யாம்" என்றபடி பெவர்லியும் பின்னால் வந்தாள். " சின்னதுன்னு நேரா எழுத நம்ம ஊர்க்காரங்களுக்குக் கை வராது. கெட்டிலை வெச்சா நீ வெளியதான் நிக்கணும். வேற பார்க்கலாம், வாடா."

கிளைவ் கதவைச் சாத்தினான். திறந்தான். மறுபடி சாத்தினான்.

"என்னடா, கதவு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. இதையே எடுத்துக்கலாம்."

"இதையா? மூச்சு முட்டும்டா."

கிளைவ் சிரித்தான்.

"ஜெயில்ல ஏழு வருஷமா என் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாதுக்கா. இதுல இருக்கு."